கந்தசஷ்டியில் ஒரு காளான்

கந்தசஷ்டி தொடங்குவதற்கு முதல் நாள் மாலை கோயில் ஐயருக்குப் போன் எடுத்து, "ஐயா, விரதத்திலை காளான் எடுக்கலாமோ?" என்று கேட்டேன்.

மறுமுனையில் எதையோ வெட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆறு நாள் பொறுக்கேலாதோ அம்மா?" என்றார் ஐயர்.

அவர் மேல் பிழை இல்லை. ஆறு நாளும் பாலும் பழமுமாக இருக்க வேண்டியவள், தொடங்கும் முன்பே நாக்கைத் தொங்கப்போடுகிறாள் என்று நினைத்திருப்பார். "எனக்கில்லை ஐயா, என்ரை மனுசனுக்கு. மருந்து. குளிசையாத்தான் குடுப்பினம். ஆனா அது காளானிலை இருக்கிற சாமானாம்" என்றேன்.

"என்ன வருத்தத்துக்கு?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆக்லாந்தின் மனுரேவாப் பகுதியில் ஒரு மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். வருகிற எல்லாரையும் பார்த்து, "என்ன வருத்தத்துக்கு?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம். அப்படியிருந்தும் எனக்கென்று ஒரு பதிலை ஆயத்தம் செய்து வைக்கவில்லை. வாயில் வந்தது முழங்கால்.

"முழங்கால் ஐயா. இவருக்கு முழங்கால் ஏலாது."

"மருந்துக்கு விரதம் இல்லையம்மா. முருகன் ஒண்டும் சொல்லமாட்டார்."

நிம்மதியாகப் போனை வைத்தேன். ஐயர் அப்போது கோயில் சமையலறையில் நின்றார் என்பதும், போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் என்பதும், பக்கத்தில் ஒரு அன்ரி பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார் என்பதும் அடுத்த நாள் காலையில்தான் எனக்குத் தெரியவந்தது.

நடந்ததை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். என் கணவர் இந்த நகரத்தின் மழைநீர்க் குழாய்களை வரைகிற பொறியியலாளர். ஆக்லாந்தில் மழைக்குக் குறைவே இல்லையென்பதால் அவருக்கு வேலைக்கும் குறைவில்லை, கதைக்கும் குறைவில்லை. மழை பெய்தால் காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குடையும் இல்லாமல் இறங்கிப் பார்ப்பார். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண்ணோடு வாதாடுவார். வழிகாட்டும் கருவி இடப்பக்கம் திரும்பு என்றால், "உமக்கென்ன தெரியும்?" என்று அதனிடம் கேட்டுவிட்டு வலப்பக்கம் திருப்புவார். இப்படி ஒரு மனிதரோடு வாழ்வது பெரிய தொல்லை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொல்லை ஒரு வருடம் மெல்ல மெல்லக் குறைந்து, கடைசியில் நின்றே போனது.

காரணம் ஒன்று இருந்திருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். ஊரில் கண்ட போர்தான் காரணம் என்று ஒரு உளவள ஆலோசகர் சொன்னார். "அப்ப ஏன் இருபது வருசம் நல்லா இருந்தனான்?" என்று இவர் கேட்டார். அந்த வருடம் முழுவதும் அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். குளிசைகள் மாறி மாறி வந்தன. ஒன்று உடம்பு வைக்கப் பண்ணியது, ஒன்று நித்திரை கொள்ள வைத்தது, ஒன்று ஒன்றுமே செய்யவில்லை. வேலைக்குப் போவார், வருவார், வேலியைப் பார்த்தபடி கதிரையில் இருப்பார். கேட்டால், "ஓம்." வேறு எதையாவது கேட்டாலும், "ஓம்." வெளியே மழை அடித்து ஊற்றும்போதுகூடத் தலையைத் திருப்ப மாட்டார்.

நான் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் நெஞ்சு வருத்தம் என்று சொன்னால் சூப் வரும். மனம் சரியில்லை என்று சொன்னால் கதை வரும். மகளுக்கு இருபத்தாறு வயது, நகரத்தின் மறுபக்கம் வெஸ்ட்கேட்டில் சிநேகிதியோடு வீடெடுத்து இருக்கிறாள். நாளைக்குக் கலியாணம் பேசும்போது, 'தகப்பனுக்கு விசராம்' என்று எவராவது சொல்லிவிட்டால்? ஆகவே, "வேலை கூட", "பிரஷர்", "அலுப்பு" என்று ஆளுக்கொன்றாகச் சொல்லி ஆறு வருடத்தை ஓட்டினேன். பொய் சொல்வதில் நான் இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கே முன்பு தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பு இருந்தது. உள்ளே அவருடைய வடிவான கையெழுத்தில் மூன்று பக்கம். எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டியைத் தெருவில் வைப்பது, ஹீட் பம்பின் வடிகட்டியை எப்படிக் கழற்றிக் கழுவுவது, காருக்கு எப்போது வாரண்ட் என்கிற தகுதிச் சான்றிதழ் எடுப்பது, எல்லாவற்றுக்கும் கடவுச்சொற்கள். கடைசி வரியில், 'வேறு ஒன்றும் இல்லை' என்று எழுதியிருந்தார்.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"சும்மா. உமக்குத் தெரிஞ்சிருக்கட்டும் எண்டு" என்றார்.

பதினெட்டு வருடம் மருத்துவ நிலையத்தில் இருந்தவளுக்கு அது என்னவென்று விளங்க ஒரு நிமிடம் போதும். அன்று அவரைத் தனியே விடவில்லை. மகளை வரச்சொன்னேன், அவசர உதவிக்குப் போன் எடுத்தேன். அதன் பின் இந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, சண்டை பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கதிரையில் இருந்தால் போதும்.

அப்படித்தான் நாங்கள் அந்த மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தோம். நரைத்த தலை, ஓடுகிறவர்கள் போடும் சப்பாத்து, அவசரமில்லாத பேச்சு. வழக்கமான மருந்துகள் எதுவும் கேட்காதவர்களுக்குக் கொடுக்க அனுமதியோடு ஒரு மருந்து இருக்கிறது என்றார். சில வகைப் போதைக் காளான்களில் இருக்கும் பொருள், கண்ணுக்குள் காட்சிகள் காட்டும். ஒரு முழு நாள், இரண்டு பேர் பக்கத்தில் இருக்க, படுத்தபடி. அதற்கு முன்னும் பல நாள் பேச்சு, பின்னும் பல நாள் பேச்சு. சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, மாயம் என்று நினைக்க வேண்டாம் என்றார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவேண்டும். போதைப்பொருள் வேண்டாம் என்ற சுவரொட்டியை எங்கள் நிலையத்துச் சுவரில் ஒட்டியவளே நான்தான். "இருக்கிற விசர் காணாதெண்டு இன்னும் கூட்டப் போறியளோ?" என்று மகளிடம்தான் கத்தினேன், மருத்துவரிடம் கத்த முடியாது என்பதால். மகள் போனில், "அம்மா, ஜஸ்ட் லிசன். நானும் படிச்சனான். தே நோ வாட் தே ஆர் டூயிங்" என்றாள். அவள் தமிழில் ஒரு வசனம் முழுதாகச் சொல்வதே அபூர்வம். 'நானும் படிச்சனான்' என்று அவள் சொன்ன விதத்தில் நான் கொஞ்சம் அடங்கினேன்.

மருத்துவர் இவரிடம் சம்மதமா என்று கேட்டார். "ஓம்" என்றார். இவர் எதற்கும் ஓம் சொல்வார் என்பது மருத்துவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, இருபது நிமிடம் அவரோடு தனியே பேசினார். பிறகு கதவைத் திறந்து, உங்கள் கணவருக்கு நிறையக் கேள்விகள் இருந்தன என்றார். கேள்விகளா? எனக்கு அந்த இடத்திலேயே அந்த மருத்துவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

இதயம் பார்த்தார்கள், இரத்தம் பார்த்தார்கள், பழைய குளிசைகளை அவர்களின் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினார்கள். பிறகு நாள் குறித்தார்கள். குறித்த நாள் கந்தசஷ்டியின் மூன்றாம் நாள்.

சைவக்காரருக்குத் தெரியும், காளான் ஒரு தீராத வழக்கு. என் பிறந்த வீட்டுக்குள் அது வந்ததேயில்லை. மரக்கறி என்று சொல்லவும் முடியாது, மச்சம் என்று தள்ளவும் முடியாது, சட்டியில் போட்டால் இறைச்சி மாதிரி மணக்கிறது. இவருடைய வீட்டிலோ மழைக்காலத்தில் ஆசையாகச் சமைப்பார்கள். கலியாணம் முடித்த முதல் மாதத்தில் எங்களுக்குள் வந்த முதல் சண்டையே அதுதான். மருந்துக்கு நாள் குறித்த வருடம் நாங்கள் இருவருமே விரதம். அவரையும் பிடிக்கச் சொன்னேன், அவர் ஓம் என்றார். உயிரைக் கேட்டு முருகனுக்கு வைத்த நேர்த்தி அது. நடுவில் ஒரு காளானால் அது முறிந்துபோனால் நான் யாரிடம் போய் முறையிடுவது?

மருத்துவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இது ஆய்வுக்கூடத்தில் செய்தது, காளானின் முகத்தையே பார்த்ததில்லை என்றார். சரி, குளிசைக்கூடு? அதில் மாட்டெலும்பு ஜெலட்டின் இருக்குமே என்றேன். அது அவருக்குத் தெரியவில்லை. மருந்தகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு, மரக்கறிக் கூடுதான் என்று எனக்குத் திருப்பிச் சொன்னார். இந்த உலகத்தில் இப்படியும் பொறுமையான மருத்துவர்கள் இருக்கிறார்கள். அப்படியும் எதற்கும் ஐயரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன். அங்கேதான் முழங்கால் வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு அந்த அன்ரி போன் எடுத்தார். மனுரேவாவில் மகன் வீட்டில் இருக்கிற, கணவரை இழந்தவர். முன்பு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கோயில் சமையலறையில் அவர் இல்லாமல் ஒரு அடுப்பும் எரியாது. எப்போதும் சிரித்த முகம்.

"பிள்ளை, அது எந்தக் காளான்? வெள்ளையோ, மண்ணிறமோ?"

"எது அன்ரி?"

"முழங்காலுக்கு."

"குளிசை அன்ரி, குளிசை. டொக்டர் தாறது" என்று சொல்லித் தப்பினேன். ஆனால் அன்று கோயில் சமையலறையில் நின்று கேட்டவர்கள் குளிசையைக் கேட்கவில்லை. காளானை மட்டும் கேட்டார்கள். விரதம் முடித்துப் பாரணை பண்ணிய கையோடு பிளாட் புஷ்ஷில் நாங்கள் போகும் காய்கறிக் கடையில் காளான் தட்டு வெறுமையாகிவிட்டது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட முழங்கால்கள் அத்தனையும் காளான் குழம்பு சாப்பிட்டன. ஒருவர், படி ஏறுவது இப்போது சுகமாக இருக்கிறது என்றே என்னிடம் சொன்னார். நான் என்ன சொல்ல? "நல்லது" என்றேன்.

மூன்றாம் நாளுக்கு வருகிறேன். காலையில் இவருக்குப் பாலும் வாழைப்பழமும் கொடுத்து, நெற்றியில் திருநீறு பூசிக் கூட்டிப்போனேன். வீடு மாதிரியான ஒரு அறை. சோபா, போர்வை, கண்ணுக்குக் கட்டும் துணி, மெல்லிய இசை. பக்கத்தில் இருப்பதற்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும். கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே ஒரு கதிரையில், காலை ஒன்பதிலிருந்து பின்னேரம் நாலரை வரைக்கும், முருகா முருகா என்று இருந்தேன். நடுவில் ஒரு தடவை உள்ளே அவர் அழுகிற சத்தம் கேட்டது. பெரிய சத்தம். எழுந்து கதவு வரை போய்விட்டேன். பிறகு நினைத்தேன், ஆறு வருடமாக இந்த மனிதர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, விட்டுவிட்டுப் போகட்டும். திரும்பி வந்து இருந்தேன்.

நாலரைக்குக் கூப்பிட்டார்கள். முகம் வீங்கி, கண்கட்டு பட்டுத் திருநீறு காது வரை இழுபட்டு, பார்க்க ஒரு கோலமாக இருந்தார். என்னைப் பார்த்தார். எத்தனையோ வருடமாக என் பக்கம் திரும்பிய கண்கள்தான், ஆனால் அன்றுதான் என்னைப் பார்த்தன.

"எனக்குப் பசிக்குது" என்றார்.

அந்த இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது. நான் ஏன் இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறேன் என்று பயந்துபோய், என்ன சொன்னார் என்று கேட்டார்கள். பசிக்கிறதாம் என்றேன்.

வெளியே மழை. என் கையைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தவர், கார் நிறுத்துமிடத்தின் மூலையில் நின்றுவிட்டார். "இதை ஆர் வரைஞ்சது? தண்ணி எல்லாம் இஞ்சை நிக்குது பாரும். வாய்க்கால் அங்கை, சரிவு இஞ்சை!" என்றார். மழையில் நனைந்தபடி அந்த முட்டாள் சரிவை நானும் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வழியில் ஒரு மீன் கடையைக் கடந்தபோது, "மீன் வேணும்" என்றார். கந்தசஷ்டி மூன்றாம் நாள்! காளானுக்கு ஐயரைக் கேட்டவள், ஜெலட்டினுக்கு மருந்தகத்தைக் கேட்டவள், மீனுக்கு ஒருவரையும் கேட்கவில்லை. மருந்துக்கு விரதமில்லை என்று ஐயர் சொல்லியிருக்கிறார். மீனையும் மருந்துக் கணக்கில் சேர்த்தேன். காருக்குள் இருந்து, கண்ணாடியெல்லாம் மூச்சுப் புகார் படர, வாய் நிறைய வைத்துக்கொண்டு அவர் சாப்பிட்டார். நான் உருளைக்கிழங்குப் பொரியலை மட்டும் எடுத்தேன். அதே எண்ணெயில்தான் பொரித்திருப்பார்கள் என்று தெரியும். தெரிந்துகொண்டே சாப்பிட்டேன்.

"உள்ளுக்கை என்ன கண்டனீங்கள்?"

"சொல்லத் தெரியேல்லை." ஒரு துண்டு மீனை வாயில் போட்டார். "அடைச்ச குழாய் எடுபட்ட மாதிரி எண்டு சொன்னால் நீர் சிரிப்பீர்."

சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்குப் புரையேறி, நான் முதுகில் தட்டி, பொரியல் முழுதும் கார் இருக்கையில் கொட்டியது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகவில்லை. பத்தாம் நாள் மறுபடி அந்தக் கதிரையில் போய் இருந்தார். எனக்கு உலகமே இருண்டது. மருத்துவரிடம் போனோம், பேசினார்கள், திரும்பவும் போனோம், பேசினார்கள். இப்போதும் சில காலைகளில் முகம் கறுத்துத்தான் எழும்புகிறார். ஆனால் நத்தார்ப் பண்டிகைக்குள் வானிலைப் பெண்ணோடு வாதாடத் தொடங்கிவிட்டார். தைப்பொங்கலுக்கு, பொங்கல் குழைந்துபோச்சு என்றார். முதல் தடவை சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. மூன்றாம் தடவை சொன்னபோது, "அப்ப நீங்களே பொங்கியிருக்கலாமே!" என்று கத்தினேன். அவரும் கத்தினார். மகள், "ஓ மை காட், யூ கைஸ் ஆர் ஃபைட்டிங்!" என்று கைதட்டினாள். அப்படி ஒரு சந்தோசமான பொங்கலை நான் அதற்கு முன்பு கொண்டாடியதில்லை.

ஒரு தொல்லை மட்டும் தொடர்ந்தது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் இவர் நொண்ட வேண்டியிருந்தது. நான்தான் நொண்டச் சொன்னேன், வேறு வழி? வீதி சுற்றி வரும்போது எந்தக் கால் என்று மறந்துவிடுவார். வலக்காலில் தொடங்கி இடக்காலில் முடிப்பார். அந்த அன்ரி ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து, "தம்பிக்கு இப்ப எப்பிடி? அந்தக் காளான் எது எண்டு எனக்கும் சொல்லுங்கோவன், என்ரை முழங்காலும் ஏலாமக் கிடக்கு" என்பார். நான் எதையாவது சொல்லிக் கதையை மாற்றுவேன்.

மே மாதம், நல்ல மழைக்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், அன்ரி எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மகன் இறக்கிவிட்டுப் போயிருந்தான். கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. உள்ளே வந்து, மேசையில் பழைய பத்திரிகையை விரித்து, பையைக் கவிழ்த்தார். மண்ணோடு பிடுங்கிய காளான்கள், பத்துப் பதினைந்து இருக்கும்.

"பூங்காவிலை, பைன் மரத்துக்குக் கீழை. இதுதானோ பாரும்."

காட்டுக் காளானைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் கதை எங்கள் நிலையத்தில் எல்லாருக்கும் தெரியும். "அன்ரி, இதிலை சாப்பிட்டனீங்களோ?"

"இல்லை. உம்மட்டைக் காட்டிப்போட்டுச் சாப்பிடுவம் எண்டு."

"கொட்டுங்கோ அன்ரி. இது இல்லை. இது நஞ்சாயும் இருக்கலாம்."

"அப்ப எது எண்டு சொல்லும். ஆறு மாசமாக் கேக்கிறன்."

அப்போதும் நான் முழங்காலை விடவில்லை. முழங்காலுக்கு வேறு நல்ல பூச்சு மருந்து இருக்கிறது என்று தொடங்கினேன். பின்வளவில் நின்ற இவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியாது. பத்திரிகையை அப்படியே சுருட்டிப் பையில் போட்டு முடிந்து, வெளியே தொட்டியில் போட்டுவிட்டு வந்து கை கழுவினார். நொண்டவில்லை. அன்ரிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அன்ரி, எனக்கு முழங்காலிலை ஒண்டுமில்லை. எனக்கு டிப்ரெஷன். ஆறு வருசம். சாக இருந்தனான். அதுக்குத்தான் அந்த மருந்து."

ஆறு வருடம் கட்டிக்காத்ததை ஒரு மூச்சில் போட்டு உடைத்துவிட்டாரே என்று, உள்ளதைச் சொன்னால், அந்த நேரம் அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்ரி தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு தடவுவதை நிறுத்தினார்.

"எனக்கும் முழங்காலிலை ஒண்டுமில்லைத் தம்பி" என்றார்.

என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ ஐயரோடை கதைக்கேக்கை நான் பக்கத்திலைதான் நிண்டனான். முழங்காலுக்கு ஒருத்தரும் அந்தக் குரலிலை கேக்கமாட்டினம். பிறகு ரீவியிலையும் இந்த மருந்தைப் பற்றிச் சொன்னவை. எப்பிடிக் கேக்கிறது? அதுதான் நானும் முழங்கால் எண்டு சொன்னனான்."

"எவ்வளவு காலமா அன்ரி?" என்றார் இவர்.

"அவர் போன பிறகு... இல்லை, அதுக்கு முதலே தம்பி."

"வீட்டிலை தெரியுமோ?"

"அவங்கள் நல்ல பிள்ளையள். நான் எப்பவும் சிரிச்சுக்கொண்டுதானே திரியிறன்." சொல்லும்போதும் சிரித்தார். "இப்ப கொஞ்சம் பரவாயில்லை. போன கிழமை சீலையள் எல்லாத்தையும் எடுத்து, ஆராருக்கு எது எண்டு பேர் எழிதிக் கட்டி வைச்சிட்டன். ஒரு வேலை முடிஞ்சுது."

இவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் அன்ரியின் பக்கம் குனிந்து, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டார்:

"சாக வேணும் எண்டு நினைக்கிறனீங்களோ அன்ரி?"

தமிழில் ஒருவரிடம் ஒருவர் இதை நேராகக் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை. நாங்கள் சுற்றி வளைப்போம், சத்தியம் வாங்குவோம், பிள்ளைகளை நினை என்போம். இவர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஓம் தம்பி" என்றார் அன்ரி. "சில நாளையிலை."

"சரி" என்றார் இவர். "நல்ல காலம் சொன்னனீங்கள்."

அன்ரி அழத் தொடங்கினார். இவர் தடுக்கவில்லை, அழட்டும் என்று பக்கத்திலேயே இருந்தார். தனக்கும் அந்த மருந்து கிடைக்குமோ என்று அன்ரி கேட்டார். "தெரியாது அன்ரி, அது டொக்டர் பார்த்துத்தான் சொல்லவேணும். உங்களுக்குச் சாதாரணக் குளிசையே கேக்கலாம். எனக்குக்கூடப் பாதிதான் அந்தக் குளிசை. மற்றப் பாதி முன்னுக்கும் பின்னுக்கும் கதைச்ச கதை" என்றார். ஆறு வருடம், "ஓம்" தவிர வேறு சொல் இல்லாத மனிதர் பேசிக்கொண்டே இருந்தார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவரை நான் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை ஒன்று அதுவரை எனக்குள் இருந்தது; இப்போது அவர் இன்னொருவரைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று கண்டபோது அதைவிடப் பெரிய சந்தோசம் வந்தது.

அன்ரி சம்மதிக்க, அவருடைய மகனுக்குப் போன் எடுத்தோம். அவசர உதவி எண்ணுக்கு நான் எடுத்துக் கொடுக்க, அன்ரி தானே பேசினார். திங்கட்கிழமை முதல் நேரத்தை எங்கள் நிலையத்தில் அவருக்குப் பதிந்தேன். எல்லாம் முடிந்ததும் இவர் எழுந்து கார்ச் சாவியை எடுத்தார்.

"வாங்கோ அன்ரி, முதல் அந்தச் சீலையளை அவிழ்ப்பம்."

மனுரேவாவில், அன்ரியின் கட்டில் முழுதும் பொட்டலம் பொட்டலமாகச் சீலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கடதாசித் துண்டு. மகனும் மருமகளும் வாசலில் திகைத்துப்போய் நின்றார்கள். இவர் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து, துண்டைக் கிழித்து, சீலையை மடித்து அலுமாரியில் வைத்தார். அவருக்குச் சீலை மடிக்கத் தெரியாது. குழாய் வரைபடத்தைச் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டினார். பத்துச் சீலை வரை பொறுத்துப் பார்த்த அன்ரி, "உதென்ன மடிப்புத் தம்பி? பட்டெல்லாம் முறியப் போகுது, தள்ளும்!" என்று ஏசிக்கொண்டு எழுந்து வந்தார். மகன் சிரித்தான். பிறகு மகன்தான் அழுதான். தாயும் மகனும் மருமகளுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கத் தொடங்கினார்கள்.

ஒரு பொட்டலத்தில் என் பேர் இருந்தது. இலைப்பச்சைப் பட்டு, அரக்குக் கரை. நான் எத்தனையோ திருவிழாக்களில் கண் வைத்த சீலை. கையில் எடுத்துத் தடவிப் பார்த்தேன்.

அன்ரி அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இது உமக்குத்தான் பிள்ளை. ஆனா இப்ப தரமாட்டன்."

இன்றுவரை தரவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்கு அதைத்தான் உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.